கழுத்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் உள்ள மி.மீ. கணக்கும் உங்கள் வலியும்: பொருத்திப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்து வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ரிப்போர்ட்டின் அடியில் "கேனல் டயாமீட்டர்" (தண்டுவடம் இறங்குகிற குழாயின் முன்பின் அளவு) என்று மட்டம் மட்டமாக, அதாவது எலும்பு எலும்பாக, மி.மீ. கணக்குப் போட்டிருப்பதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிற வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். குப்பத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே பிசியோதெரபி செய்கிறவன் நான். இந்தப் பக்கத்தில் வலியைத் தமிழில் சொல்வார்கள், டாக்டர் தெலுங்கில் கேட்பார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும். மூன்றுக்கும் பொதுவாக நிற்பது எண் மட்டும்தான். அதனால் எல்லோரும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். "ஒன்பது எம்எம்தான் இருக்காம், ஆபரேஷன்தான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க" என்று வந்து நிற்பவரிடம் எந்த மட்டம், எந்தக் கை, எந்த விரல் என்று கேட்டால் பதில் இருக்காது.

வரிசை முக்கியம். முதலில் உடம்பு, அடுத்து படம், கடைசியில்தான் எண். பெரும்பாலான குழப்பம் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருகிறது.

1. ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன் உடம்பை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து ஓரம் வரைந்துகொள்ளுங்கள். எந்த விரலில் மரப்பு, எங்கே எரிச்சல், எங்கே வலி என்று அதிலேயே நிழலிடுங்கள். பக்கத்தில் எழுத வேண்டியவை: வலி கழுத்தோடு நிற்கிறதா, தோள்பட்டை வரை போகிறதா, முழங்கை தாண்டி இறங்குகிறதா, எந்த அசைவில் கூடுகிறது, எதில் தணிகிறது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறைகிறது என்பவர்கள் அதைக் கட்டாயம் எழுதுங்கள். நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து கைக்குக் கிளம்பும் நரம்பின் தொடக்கம்) அழுத்தப்பட்டால் அப்படி நடப்பதுண்டு, டாக்டருக்கு அது உதவும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் "சி5-சி6 இடது பக்கம்" (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே, இடது பக்கம்) என்று படித்துவிட்டால், அன்று சாயங்காலமே இடது கையில் ஏதோ இழுப்பது போலத் தோன்றும். படிக்கும் முன் எழுதினதுதான் நம்பத் தகுந்தது.

வலி இல்லாத விஷயங்களையும் எழுத வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போட முன்பைவிட நேரமாகிறதா? பூ கட்டும்போது நார் கைநழுவுகிறதா? கையெழுத்து மாறி, பேங்கில் திருப்பி அனுப்பினார்களா? காலில் இருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தீர்களா? இருட்டில் வரப்பில் நடக்கத் தடுமாற்றமா? சிறுநீர் வந்தால் அடக்க முடியாத அவசரமா? கழுத்தைக் குனியும்போது முதுகிலோ கைகால்களிலோ கரன்ட் அடித்தது போல ஓடுகிறதா? இவை தண்டுவடமே நசுங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். இதில் வலி கொஞ்சமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கூடவே ஒரு சின்னச் சோதனை. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, கையை முழுதாக மூடி, முழுதாக விரித்து, 10 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று வேறு ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். ஜப்பானிய மருத்துவர்கள் 1987-இல் விவரித்த சோதனை இது; 20 முறைக்கு மேல் வருவது இயல்பு. விரல் மூட்டு வாதம் இருப்பவர்களுக்கும் குறையும் என்பதால், இதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். எண்ணைக் குறித்து வைத்தால் போதும். மாதம் போய்த் திரும்ப எண்ணும்போது ஒப்பிட ஒரு ஆதாரம் கிடைக்கும்.

2. இவை இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டுக் கிளம்புங்கள்

நடை தடுமாறிக்கொண்டே போவது, கையோ காலோ வலுவிழந்து வருவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது. புளியமரத்திலோ வண்டியிலோ இருந்து விழுந்த பிறகு வந்த கழுத்து வலி, அதிலும் கைகள் மரத்துப்போயிருந்தால். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி: நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள் எந்தப் புதிய வலியையும் உடனே காட்ட வேண்டும். இடது கை வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அது கழுத்து வலி என்று நினைத்து உட்காராதீர்கள், ஈ.சி.ஜி.க்கு ஓடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ரிப்போர்ட் தாள், பெரிய ஃபிலிம், சி.டி. அல்லது பென்டிரைவ், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதுவும், சர்க்கரை அளவு, வைட்டமின் பி12 பார்த்திருந்தால் அந்த முடிவு.

ரிப்போர்ட்டை மட்டும் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டு "என்னன்னு சொல்லுங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ரிப்போர்ட் என்பது ஒருவர் படத்தைப் பார்த்து எழுதிய கருத்து. அறுவை மருத்துவர் அதைவிடப் படத்தைத்தான் பார்ப்பார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவில் அளவும் தெரியாது, தண்டுவடமும் தெரியாது. ஸ்கேன் சென்டரை விட்டுக் கிளம்பும் முன்பே, அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் சி.டி. திறக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலூர் வரை ரயிலேறிப் போய் வெற்று சி.டி.யைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

4. எந்த அளவு, எங்கே எடுத்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"கேனல்" என்பது கழுத்தெலும்புகளின் உடற்பகுதிக்குப் பின்னால், மேலிருந்து கீழாகத் தண்டுவடம் இறங்கி வருகிற குழாய். முன்பக்கச் சுவரிலிருந்து பின்பக்கச் சுவர் வரை உள்ள தூரத்தைத்தான் மி.மீ.யில் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சுவர் எது என்பது படத்துக்குப் படம் மாறும்.

எக்ஸ்ரேயில் எலும்பிலிருந்து எலும்புக்கு அளக்கிறார்கள். எலும்பின் நடு உயரத்தில் எடுக்கும் அளவு இது. பிறவியிலேயே குழாய் குறுகலா என்பதை இது சொல்லும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் சி3 முதல் சி7 வரை பெரியவர்களுக்குச் சுமார் 17 மி.மீ. இருப்பது இயல்பு.

எம்.ஆர்.ஐ. அட்டவணையில் வருவது பெரும்பாலும் டிஸ்க் மட்டத்து அளவு. முன்னால் பிதுங்கிய டிஸ்க் (இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை), பின்னால் தடித்த லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்), இரண்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடம். வயதாக ஆக முதலில் குறைவது இதுதான். இயல்பாகவே இது எலும்பு அளவைவிடச் சிறியது.

இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. இன்டர்நெட்டில் "17 நார்மல்" என்று படித்துவிட்டு, தன் ரிப்போர்ட்டில் 10.5 என்று இருப்பதைப் பார்த்தால் பாதி போய்விட்டது என்று தோன்றும். அது எலும்புக் கணக்கு. உங்கள் கையில் இருப்பது மென்திசுவைக் கழித்த கணக்கு. ரிப்போர்ட்டில் "டிஸ்க் லெவல்" என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் சென்டரில் கேளுங்கள், சொல்வார்கள்.

5. நீங்களே அளந்து பார்ப்பதாக இருந்தால்

பிசியோதெரபி, ரேடியோகிராபி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் இதைக் கட்டாயம் செய்ய வைப்பேன். நோயாளிகளுக்கு இது தேவையில்லை. ஆர்வமுள்ளவர்கள் செய்து பார்க்கலாம். சிகிச்சை முடிவை இதை வைத்து எடுக்கக் கூடாது.

சி.டி.யிலேயே ஒரு வியூவர் இருக்கும். இல்லையென்றால் விண்டோஸில் ரேடியன்ட், மேக்கில் ஹோரோஸ் போன்றவை ஓடும். டி2 சஜிட்டல் என்ற வரிசையைத் திறங்கள்; கழுத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போன்ற படங்கள் இவை. இதில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாகவும், தண்டுவடம் சாம்பலாகவும் தெரியும். எல்லை பிரித்துப் பார்க்க இதைவிட வசதி இல்லை.

நடுவில் உள்ள படத்துக்கு வாருங்கள். பின்பக்க முள் எலும்புகள் முழுதாகத் தெரிகிற படம்தான் நடு. ஒரு படம் தள்ளிப் போனாலே குழாயின் ஓரத்தை அளந்துவிடுவீர்கள், உண்மையைவிடக் குறுகலாகக் காட்டும். கழுத்தைச் சாய்த்துப் படுத்திருந்தவர்களுக்கு ஒரே படத்தில் எல்லா மட்டமும் நடுவாக அமையாது. மட்டத்துக்கு மட்டம் படத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

மட்டத்தை எண்ணுவது அடுத்தது. மேலே கூம்பு போல நீட்டிக்கொண்டிருப்பது சி2. அதற்குக் கீழே உள்ள முதல் டிஸ்க் சி2-சி3. அங்கிருந்து இறங்கி எண்ணுங்கள். கீழிருந்து மேலே எண்ண ஆரம்பித்தால் ஒரு மட்டம் தவறுவது சுலபம்.

அளவுக் கோட்டைக் குழாயின் போக்குக்குச் செங்குத்தாகப் போட வேண்டும். படத்தின் அடிக்கோட்டுக்கு இணையாகப் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. கழுத்து வளைந்திருக்கும் இடத்தில் அப்படிப் போட்டால் கோடு சாய்ந்து, அளவு கூடிவிடும். ஒவ்வொரு மட்டத்திலும் டிஸ்கின் பின் விளிம்பிலிருந்து பின்பக்க லிகமென்டின் முன் விளிம்பு வரை ஒன்று, எலும்பின் நடு உயரத்தில் ஒன்று. பிறகு அதே மட்டத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் திறந்து சரிபாருங்கள்.

இரண்டு பேர் அளந்தால் ஒரு மி.மீ. முன்னே பின்னே வருவது சகஜம். அதனால்தான் போன வருஷம் 9.8, இந்த வருஷம் 9.1 என்று வேறு வேறு சென்டர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "தேய்ஞ்சுக்கிட்டே போகுது" என்று பதறுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று: எம்.ஆர்.ஐ. மல்லாந்து படுத்த நிலையில், கழுத்து நேராக இருக்கும்போது எடுப்பது. அண்ணாந்து பார்க்கும்போது பின்பக்க லிகமென்ட் மடிந்து உள்ளே தள்ளும், இடம் இன்னும் குறையும். அண்ணாந்தால் மட்டும் கை மரக்கிறது என்பவர்களின் படம் சுமாராகத் தெரிவது இதனால்தான்.

6. பதின்மூன்று, பத்து: இந்த எல்லைகளை எப்படி எடுத்துக்கொள்வது

13 மி.மீ.க்குக் கீழே போனால் குறுகலுக்கு வாய்ப்பு, 10-க்குக் கீழே போனால் உறுதியான குறுகல் என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். இந்த எல்லைகள் எலும்பு அளவை வைத்து வந்தவை. டிஸ்க் மட்டத்து எம்.ஆர்.ஐ. அளவுக்கு அப்படியே போட்டால் ஊரில் பாதிப் பேர் "ஸ்டெனோசிஸ்" (கேனல் குறுகல்) நோயாளி ஆகிவிடுவார்கள்.

எக்ஸ்ரே மட்டும் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு சொல்லப்படும். கேனலின் முன்பின் அளவை எலும்பின் உடற்பகுதியின் முன்பின் அளவால் வகுப்பது. பாவ்லோவ், டோர்க் குழுவினர் 1987-இல் சொன்னது. சுமார் 1 இயல்பு, 0.82-க்குக் கீழே குறுகல். எக்ஸ்ரே குழாய் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற குழப்பம் வகுக்கும்போது அடிபட்டுப்போவது இதன் வசதி. ஆனால் எலும்பே பெரிதாக உள்ள உடல்வாகினருக்கு, குழாய் நன்றாகவே இருந்தாலும் விகிதம் குறைவாக வரும். ஓங்குதாங்கான லோடுமேனின் எக்ஸ்ரேயில் 0.78 என்று வந்தால், அது மட்டும் வைத்து மூட்டை தூக்காதே என்று சொல்லிவிட முடியாது.

இனி வலிக்கு வருவோம். கழுத்து வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1990-இல் வெளியான போடன் குழுவினரின் ஆய்வில், அறிகுறி இல்லாத 63 பேரில் 19 சதவீதத்தினருக்குக் கழுத்துப் படத்தில் கோளாறு தெரிந்தது. 40 வயதைத் தாண்டியவர்களில் 28 சதவீதம். 2015-இல் ஜப்பானில் 1,211 பேரை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் கண்ணைத் திறப்பது: எந்தத் தொந்தரவும் இல்லாத அவர்களில் 87.6 சதவீதத்தினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 5.3 சதவீதத்தினருக்குத் தண்டுவடமே அழுத்தப்பட்டிருந்தது.

ஆக, வெறும் கழுத்து வலிக்கும் கேனல் அளவுக்கும் நேரடித் தொடர்பு மெலிந்தது. கழுத்து வலி பெரும்பாலும் தசையிலிருந்தும், சிறு மூட்டுகளிலிருந்தும், டிஸ்கிலிருந்தும் வருகிறது. கைக்கு இறங்கும் வலி, நரம்பு வேர் வெளியேறும் பக்கவாட்டு ஓட்டையில் நடக்கும் நெருக்கடியிலிருந்து வருகிறது. நடுக் குழாய் குறுகினால் பாதிக்கப்படுவது தண்டுவடம். அது வலியாக அல்ல, பொத்தான் போட முடியாத கையாகத்தான் முதலில் காட்டிக்கொள்ளும். அட்டவணையில் சிறிய எண் உள்ளவருக்கு வலி குறைவாகவும், நல்ல எண் உள்ளவருக்கு உயிர் போகிற கைவலியும் இருப்பது முரண் அல்ல. இரண்டும் வேறு இடத்துச் சமாச்சாரம்.

7. எண்ணை விட்டு அடுத்த வரியைப் படியுங்கள்

கழுத்தின் நடுப்பகுதியில் தண்டுவடம் முன்பின்னாகச் சுமார் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். சுற்றிலும் நீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் ரிப்போர்ட்டில் தேட வேண்டிய சொற்கள் வேறு.

"திகல் சாக் இண்டென்டேஷன்" என்றால் நீர்ப்பையில் லேசாக அமுக்கம்; தண்டுவடத்தைத் தொடவில்லை. மிகச் சாதாரணம். "கார்டு கம்ப்ரெஷன்" அல்லது "கார்டு ஃப்ளாட்டனிங்" என்றால் தண்டுவடத்தின் வடிவம் மாறியிருக்கிறது. "டி2 ஹைப்பர் இன்டென்சிட்டி", "சிக்னல் சேஞ்ச்", "மைலோமலேசியா" என்றால் தண்டுவடத்துக்கு உள்ளேயே மாற்றம் தெரிகிறது. கொரியாவைச் சேர்ந்த காங் குழுவினர் 2011-இல் வகுத்த தரவரிசை இதே வழியில்தான் போகிறது: நீர் இடம் பாதிக்கு மேல் அடைபட்டால் 1, தண்டுவடம் வடிவம் மாறினால் 2, உள்ளே சிக்னல் மாறினால் 3. மி.மீ. என்ற பேச்சே அதில் இல்லை, கவனியுங்கள்.

சிக்னல் மாற்றம் என்று எழுதியிருந்து, முதல் படியில் நீங்கள் எழுதிய தாளில் கை, நடைத் தொந்தரவும் இருந்தால் தள்ளிப்போடாமல் முதுகெலும்பு அறுவை மருத்துவரிடமோ நியூரோ மருத்துவரிடமோ போங்கள். தாளில் எதுவும் இல்லை என்றாலும் காட்ட வேண்டும்தான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடத் தேவையில்லை.

8. மட்டத்தை விரலோடு பொருத்துங்கள்

கழுத்தில் எலும்பு 7, நரம்பு வேர் 8 ஜோடி. சி1 முதல் சி7 வரை வேர்கள் தங்கள் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. சி8 மட்டும் சி7 எலும்புக்குக் கீழே. ஆகவே சி5-சி6 டிஸ்க் அமுக்குவது சி6 வேரை. சி6-சி7 டிஸ்க் அமுக்குவது சி7 வேரை. மேல் எண்ணை எடுத்துக்கொண்டு "சி5 போச்சு" என்பது தவறு.

சி5 கெட்டால் தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சிரமம். சி6 என்றால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல் பக்கம் மரப்பு, முழங்கை மடக்குவதிலும் மணிக்கட்டு தூக்குவதிலும் பலவீனம். சி7 என்றால் நடுவிரல், முழங்கையை நீட்டித் தள்ளுவதில் பலவீனம். சி8 என்றால் சுண்டுவிரல் பக்கம், பிடி தளர்வது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

இப்போது முதல் படியில் வரைந்த கையை எடுத்து வைத்துப் பாருங்கள். ரிப்போர்ட் "சி5-சி6 வலது ஃபொராமினல் நேரோயிங்" (வலது பக்கத்தில் நரம்பு வேர் வெளியேறும் ஓட்டை குறுகல்) என்கிறது, நிழலிட்டிருப்பது வலது கட்டைவிரல் பக்கம்: பொருந்துகிறது. நிழல் இடது சுண்டுவிரலில் இருந்தால் பொருந்தவில்லை. அந்த டிஸ்க் வேடிக்கை பார்க்கிற ஆளாக இருக்கலாம். படத்தைப் பார்த்தே பக்கம் கண்டுபிடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: குறுக்குவெட்டுப் படத்தில் உங்கள் வலது, படத்தின் இடது பக்கம் இருக்கும்.

பொருந்திய வேர் வலி என்றால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அறுவை இல்லாமலே தணிகிறது. வலு குறைந்துகொண்டே போனால் அந்தக் காத்திருப்பு செல்லாது.

9. பொருந்தவில்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்

ராத்திரியில் கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறது, சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருங்குவதைச் சந்தேகியுங்கள். பட்டு நூற்பு, தையல் என்று மணிக்கட்டை ஓயாமல் மடக்குகிற வேலையில் இருப்பவர்கள் முக்கியமாக. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது கழுத்து வலியாக வேஷம் போடும். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைச் சொறிய முடிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு பாதமும் இரண்டு கையும் சேர்ந்து மரத்தால் பி12, சர்க்கரை இரண்டையும் பார்க்க வேண்டும். பி12 குறைவு தண்டுவடத்தையே கெடுக்கும், அது அளவுக் கோட்டில் அகப்படாது.

10. எங்கள் பக்கத்துக்கு என்று ஒரு படி: தண்ணீரைக் கேளுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆந்திராவிலும் பல இடங்களில் இதே தொல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பல வருஷம் அதிகமான ஃபுளோரைடு உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்ந்து, லிகமென்ட்களும் எலும்பாக மாறலாம். கழுத்தில் அது நடந்தால் ஒரு மட்டத்தில் அல்ல, பல மட்டங்களில் ஒரே சீராகக் கேனல் குறுகும். ஆகவே உங்கள் அட்டவணையில் சி3 முதல் சி7 வரை எல்லாமே குறைவாக இருந்து, கழுத்தும் முதுகும் மரக்கட்டை போல இறுகியிருந்து, ஊரில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருந்தால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுத்தால், இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வு எலும்பாகியிருப்பதில் துப்பு கிடைக்கும். லிகமென்ட் எலும்பானதை எம்.ஆர்.ஐ.யைவிட சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். டாக்டர் இரண்டாவது ஸ்கேன் எழுதினால் காசு பிடுங்குகிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் "ஓ.பி.எல்.எல்." (கேனலின் முன்பக்கச் சுவரில் ஓடும் லிகமென்ட் எலும்பாவது) என்று இருந்தாலும் இதே பேச்சுதான், அது ஃபுளோரைடு இல்லாமலும் வரும்.

டாக்டர் கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்காதீர்கள். வெளியூர் டாக்டருக்கு உங்கள் ஊர்த் தண்ணீர் தெரியாது.

11. டாக்டரிடம் எதை, எந்த வரிசையில்

முதலில் கையில் இருக்கும் தாளைக் கொடுங்கள், பிறகு படத்தை, கடைசியில் ரிப்போர்ட்டை. மொழி தடையாக இருந்தால் தாளில் வரைந்த கை எந்த மொழியிலும் புரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்துதான். தண்டுவடம் அமுங்கியிருக்கிறதா, நீர் சுற்றிலும் இருக்கிறதா? உள்ளே சிக்னல் மாற்றம் உண்டா? என் கைவலி இந்த மட்டத்தால்தானா? கை, கால் ரிஃப்ளெக்ஸ் எப்படி இருக்கிறது? அறுவை இல்லாமல் காத்திருந்தால் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும்? சுத்தியலால் தட்டிப் பார்க்காமல், நடக்கச் சொல்லாமல், அட்டவணை எண்ணை மட்டும் பார்த்து அறுவை என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். தண்டுவடப் பாதிப்பை 18 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடும் முறை உண்டு. 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 11-உம் அதற்குக் கீழும் உள்ள கடுமையான நிலைக்கும், 12 முதல் 14 வரை உள்ள நடுத்தர நிலைக்கும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல், லேசான நிலையில், அறுவையும் உண்டு, கண்காணிப்போடு பயிற்சி செய்து பார்ப்பதும் உண்டு. உங்கள் மதிப்பெண் என்ன என்று தாராளமாகக் கேட்கலாம்.

காப்பீட்டு அட்டை விஷயத்தையும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆந்திராவின் என்.டி.ஆர். வைத்திய சேவா அட்டையும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஒன்றுக்கொன்று பதிலாகாது. ரேஷன் கார்டு ஒரு மாநிலம், ஆஸ்பத்திரி இன்னொரு மாநிலம் என்றால் அட்மிஷன் அன்று கவுன்டரில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. போகும் முன் ஒரு போன் செய்யுங்கள்.

12. கேனல் உண்மையிலேயே குறுகல் என்று டாக்டர் உறுதி செய்தால்

சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பது அன்றோடு முடிந்தது. சுளுக்கு வழிக்கிறவரிடம் கழுத்தைக் கொடுப்பதும் அப்படியே. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற கைராசியையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். இடமே இல்லாத குழாயில் திடீர்த் திருகல் தண்டுவடத்தை நசுக்கும். பிசியோதெரபிக்குப் போனாலும், எங்களிடமும், கழுத்தைத் தொடும் முன் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். காட்டாமல் "இழுவை போடுங்க" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

தலைச்சுமை, தக்காளி கிரேட், புல்கட்டு எல்லாம் டாக்டரிடம் கேட்டபின். கீழே விழுவதைத் தவிர்ப்பது இதையெல்லாம்விட முக்கியம்: குறுகலான கேனல் உள்ளவர் தாடை அடிபடும்படி குப்புற விழுந்து, கழுத்து பின்னால் மடங்கினால், எலும்பு முறியாமலேயே இரண்டு கையும் விழுந்துபோகலாம். பாத்ரூம் தரை, மழைக்கால வரப்பு, பின்சீட்டில் ஒருக்களித்து உட்காரும் பைக் பயணம், இந்த மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். பெயின்ட் அடிக்க, ஒட்டடை அடிக்க மணிக்கணக்கில் அண்ணாந்து நிற்காதீர்கள். காலர் பட்டையை டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை மெலிந்துவிடும்.

கடைசியாக, பலருக்கும் யாரும் சொல்லாத ஒன்று. நாளைக்குக் குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ அறுவை செய்ய நேர்ந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்துக் கேனல் குறுகல் என்பதை நீங்களே சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடக் கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் கழுத்தை அதிகம் அசைக்காமல் போடும் வழிகள் அவர்களிடம் உண்டு. ஃபிலிமை அன்றைக்கும் கையோடு கொண்டுபோங்கள்.